தெய்வமணி சொன்ன ‘வாறன்’

அறிக்கையின் மூன்றாம் பக்கத்தை வாசித்தபோது குவெண்டலினுக்கு முதலில் சிரிப்புத்தான் வந்தது.

பக்கத்தின் நடுவே ஒரு கோடு. இடப்பக்கம் தமிழ், வலப்பக்கம் ஆங்கிலம். கேணல் கேட்ட கேள்வி: “அம்மா, நீங்க புது இறங்குதுறைக்கு வருவீங்களா?” தெய்வமணி சொன்ன பதில் இடப்பக்கத்தில் சொன்னபடியே இருந்தது: “சரி தம்பி, அப்ப நான் வாறன்.” அதற்கு நேரே வலப்பக்கத்தில், தடித்த எழுத்தில், ஆங்கிலத்தில்: ஆம், நான் வருவேன்.

மட்டக்களப்பில் விடைபெறுகிற எவரும் ‘போறன்’ என்று சொல்வதில்லை. அது வாயில் வரக்கூடாத சொல். கடைக்குப் போகிறவரும் வாறன், கனடாவுக்குப் போகிறவரும் வாறன். போனவர் திரும்பி வரவேண்டும் என்றுதான் அப்படி. தெய்வமணி சொன்னதன் பொருள், உங்கள் பேச்சு எனக்குப் போதும், நான் எழும்பிப் போகிறேன் என்பது. அதைப் போய் ‘வருவேன்’ என்று எழுதியிருக்கிறான் ஒரு புத்திசாலி.

சிரித்துக்கொண்டே அடுத்த பக்கத்தைப் புரட்டினாள். சிரிப்பு அத்தோடு நின்றது.

“மேற்படி கிராமப் பிரதிநிதி தெரிவித்த சம்மதத்தின்படி, கண்டலந்துறை இறங்குதுறையும் அதைச் சேர்ந்த கரையும் சமாதானப் பணிப் பயிற்சி நிலையத்துக்கு நிரந்தரமாக ஒதுக்கப்படும். மீனவர்கள் பாலத்தடிக்கு மாறுவார்கள்.” கடைசித் தாளில் நாற்பத்திரண்டு கையெழுத்துகள். அவற்றின் மேலே, ‘கலந்தாலோசனையில் பங்குபற்றியோர்’.

அந்தக் கையெழுத்துகளைக் குவெண்டலினுக்கு நன்றாகத் தெரியும். சோற்றுப் பார்சல் கொடுத்தபோது ஆளுக்கொன்று என்று கணக்கு வைக்க வாங்கியவை. பேனையைக் கை மாற்றிக் கை மாற்றிக் கொடுத்தவளே அவள்தான்.

குவெண்டலின் புளியந்தீவுப் பறங்கிக் குடும்பத்தவள். இருபத்தேழு வருடம் ஆங்கிலம் படிப்பித்து ஓய்வு பெற்றபின், நீதிமன்றத்தில் சத்தியம் செய்து மொழிபெயர்ப்பாளர் ஆனவள். பிறப்புச் சான்றிதழ், விவாகப் பதிவு, காணி உறுதி எது வந்தாலும் அவளுடைய வட்ட முத்திரை விழுந்தால்தான் செல்லும். ஒரு புள்ளி தவறினாலும் மறுபடி தட்டச்சு செய்கிற பிடிவாதக்காரி என்று மாவட்டக் கச்சேரி அலுவலகத்தில் பெயர். அப்படிப்பட்டவளின் முத்திரைக்காகத்தான் இந்தத் தாள்கள் காலையில் ஒரு வெள்ளை வாகனத்தில் வந்திறங்கியிருந்தன. நாலு மணிக்கு வந்து எடுத்துக்கொள்வேன் என்று இயன் ஒரு துண்டுக் கடிதமும் வைத்திருந்தான்.

இயன் அவளுடைய சின்னம்மாவின் மகன். அவளை விடப் பத்து வயது இளையவன். இதே தெருவில் பந்தடித்து ஜன்னல் உடைத்தவன். வெளிநாட்டு அமைச்சில் சேர்ந்து, ஜெனீவாவில் இருந்து, ஆபிரிக்காவில் இருந்து, இப்போது உலகத்துப் படை அதிகாரிகளுக்கும் இளம் தூதுவர்களுக்கும் சமாதானம் காப்பது எப்படி என்று படிப்பிக்கிற ஆலோசகர். அடுத்து நியூயோர்க் என்று குடும்பத்தில் பேச்சு. இரண்டு கிழமைக்கு முன் அவன்தான் தொலைபேசியில் கூப்பிட்டான்.

“அக்கா, ஒரு பயிற்சி நாடகம். வாகரைப் பக்கம் கண்டலந்துறையில. கற்பனை நாடு ஒண்டு, பேர் மரூவியா. ஏழு நாட்டு ஒபிசர்மார் சமாதானப் படையா நடிப்பாங்க. ஊர்ச்சனம் மரூவியாச் சனமா நடிக்கணும். நீங்க சொன்னா வருவாங்க.”

வரத்தான் செய்தார்கள். ஆனால் முதல் நாள் அவள் ‘அமைதிப் படை’ என்ற சொல்லை வாய் தவறிச் சொன்னதும் பாதிப் பேர் எழும்பிவிட்டார்கள். அந்தப் பெயரோடு முன்னொரு காலம் வந்திறங்கியவர்களை அவர்கள் மறக்கவில்லை. பிறகு அவள் கையெடுத்துக் கும்பிடாத குறையாக, இது வெறும் நடிப்பு, ஒருவருக்கும் ஒன்றும் ஆகாது என்று சொல்லி உட்கார வைத்தாள். என் வார்த்தையை நம்பித்தானே உட்கார்ந்தார்கள் என்று இப்போது நினைத்தாள்.

தெய்வமணியைத் தேர்ந்தெடுத்ததும் அவளே. நன்றாகப் பேசுவாள், பயப்படமாட்டாள். நாடகத்தில் தெய்வமணியின் வேலை, படை பிடித்து வைத்திருக்கும் துறையைத் திருப்பிக் கேட்பது. “இதுக்கு என்னத்துக்கு ரீச்சர் நடிப்பு?” என்று அவள் கேட்டது ஞாபகம் வந்தது. “மெய்யாவே எங்கட துறையப் பிடிச்சுத்தானே வெச்சிருக்கானுகள்.”

அதுவும் உண்மை. தற்காலிகம் என்று இரண்டு வருடத்துக்கு முன் இராணுவம் போட்ட முள்வேலி அப்படியே நின்றது. கண்டலந்துறையில் தண்ணீர் கரையோடு ஆழம். எந்த நேரமும் தோணியைத் தள்ளலாம், களப்பு கடலோடு சேரும் வாய் கூப்பிடு தூரம். இப்போது தோணிகள் கிடக்கும் பாலத்தடி அப்படியல்ல, இடுப்பளவு சேறு. வற்றினால் தோணி புதைந்து அரை நாள் கிடக்கும். துறை போனால் அந்த ஊருக்குத் தொழில் போனது.

அன்று மரூவியாவின் கட்டளைத் தளபதியாகப் பயிற்சிக்குப் பொறுப்பான கேணல் அபேதீரவே நடித்தார். மொழிபெயர்க்க, ஆறு மாதம் தமிழ் படித்த ஓர் இளம் கப்டன். பக்கத்துக் கதிரையில் குறிப்பெழுத இயன். குவெண்டலின் அந்த நேரம் பின்பக்கம் புளிய மரத்தடியில் பார்சல் கொடுத்துக்கொண்டிருந்தாள். முன்னால் என்ன பேச்சு நடந்தது என்று அவள் காதில் விழவில்லை. தெய்வமணி விறுவிறுவென்று நடந்து வந்து, “அந்த மனிசனோட கதைக்கிறதுக்குப் பாறாங்கல்லோட கதைக்கலாம்” என்றது மட்டும் கேட்டது.

கப்டன் பிழையாகத்தான் விளங்கினான். பாவம், புத்தகத் தமிழ். அவனை அவள் ஒரு நிமிடத்தில் மன்னித்துவிட்டாள். அவனுக்கு அந்தப் பாடத்தில் ‘உள்ளூர் மக்களுடன் தொடர்பாடல்: அதிசிறப்பு’ என்று போட்டிருந்தது. கேணலுக்கு இந்த அறிக்கையோடு வெளிநாட்டுப் படைப்பிரிவு ஒன்றின் தலைமை. இயனுக்கு நியூயோர்க். ஒரு மனுசி கோபத்தில் விடைபெற்ற சொல்லை ஏணியாகச் சாத்தி மூன்று பேர் மேலே ஏறப் பார்க்கிறார்கள்! அந்த மூவரில் ஒருவனுக்கு ‘வாறன்’ என்றால் என்ன என்று தெரியும். தாயின் மடியிலேயே தெரியும்.

நாலு மணிக்கு இயன் வந்தான். வெள்ளைச் சேர்ட், பளபளக்கும் சப்பாத்து. சின்ன வயதில் போலவே நேரே குசினிக்குப் போய்ச் சட்டி மூடியைத் திறந்து பார்த்தான்.

“பிளேன்ரீ வேணாம் அக்கா, அவசரம். சீல் குத்தியாச்சா?”

“உக்காரு” என்றாள் குவெண்டலின். தாளை அவன் முன் வைத்து விரலால் தொட்டாள். “இத ஆரு எழுதினது?”

அவன் பார்த்தான். பார்க்க வேண்டிய தேவையே இல்லாதவன் போலப் பார்த்தான். “கப்டன் சொன்னத எழுதினம்.”

“நீ பக்கத்தில இருந்தாய்.”

“இருந்தன்.”

“உனக்குக் காது கேக்கும்.”

“அக்கா, சொல்லுக்குச் சொல் சரிதானே? வாறன் எண்டா வருவேன். எந்த அகராதியிலயும் பாருங்க. நீங்க சொல்லுக்குத்தானே சீல் குத்துறீங்க, மனசுக்கா?”

முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைக்கப் பார்க்கிறான். அதுவும் யாருடைய சோற்றில்! குவெண்டலின் கடைசித் தாளை விரித்து அவன் முன் வைத்தாள்.

“அந்தச் சனம் நாடகம் எண்டு நினைச்சு வந்தது. சோத்துக்கு வெச்ச கையெழுத்த நீ சம்மதம் எண்டு ஒட்டியிருக்காய்.”

“பாலத்தடியில கொங்கிறீற் போட்டுக் கொடுப்பாங்க. காசு தாற நாடு கலந்தாலோசனை வேணுமெண்டு நிக்குது. மறுகா வேறயா ஒரு கூட்டம் வெச்சா ஒரு வருஷம் சுணங்கும். அதுக்குள்ள இந்தத் திட்டம் வேற நாட்டுக்குப் போயிடும். உலகச் சமாதானத்துக்கு நல்ல நிலையம் அக்கா. பெரிசா யோசிங்க.”

“பெரிசா யோசிக்கிற ஆக்கள் எல்லாரும் சின்ன ஆக்கள்ற காணியில நிண்டுதான் யோசிக்கிறாங்க!”

அவன் கைக்கடிகாரத்தைப் பார்த்தான். அவளுக்கு அதுதான் பொறுக்கவில்லை.

“இயன், நீ ஜெனீவாவுக்குப் போகக்குள்ள சின்னம்மா இந்தப் படலையில நிண்டவ. நீ ‘வாறன்மா’ எண்டாய். ஏழு வருஷம் வரல்ல. அவட செத்த வீட்டுக்கும் வரல்ல. அதையும் சொல்லுக்குச் சொல் மொழிபெயர்த்துத் தரட்டா? மகன் வருவேன் என்று எழுத்தில் உறுதியளித்தார் எண்டு?”

இயனின் முகம் சிவந்தது. கதிரையைப் பின்னால் தள்ளிக்கொண்டு எழும்பினான். பிறகு, அலுவலகத்துக் குரலில் பேசினான்.

“நாளைக்குப் பத்து மணிக்கு முடிவு விழா. காசு தாற நாட்டுத் தூதரகத்து அம்மா வந்து கையெழுத்து வைக்கிறா. நீங்க குத்தாட்டி கொழும்பில குத்துறதுக்கு ஆள் இருக்கு. ஆனா உங்கட பேர் இருந்தா நல்லம் எண்டு நினைச்சன். யோசிச்சுப் போட்டு வெள்ளன அனுப்பிவிடுங்க.” வாசலில் சப்பாத்தை மாட்டினான். படலையைத் திறந்தான். “சரி அக்கா, நான் வாறன்.”

“எங்க வாறாய்?” என்றாள் குவெண்டலின்.

அவன் படலையில் கை வைத்தபடியே நின்றுவிட்டான். வாகனத்தின் சாரதி இயந்திரத்தை முடுக்கி வைத்திருந்தான். இயன் படலையைச் சாத்தாமலே ஏறிப் போனான்.

குவெண்டலின் நேரே மேசைக்கு வந்தாள். மணி நான்கு நாற்பது. தட்டச்சு இயந்திரத்தில் தாளைச் செருகித் தட்டத் தொடங்கினாள். கோபம் வந்தால் அவளுடைய தட்டச்சில் பிழை வராது.

மறுநாள் காலை வாகரை பஸ்ஸில் போய்ச் சந்தியில் இறங்கி, ஓட்டோ பிடித்துக் கண்டலந்துறைக்குப் போனாள். துறையின் மேட்டில், வேலிக்கு உட்பக்கம், வெள்ளைக் கூடாரம். தெய்வமணியும் பெண்களும் வெளியே நின்றார்கள். அவர்களை முன்வரிசையில் உட்கார வைத்து நன்றி சொல்லப் போகிறார்களாம். நாடகத்தில் கொடுத்த நீலத் தொப்பியைப் போட்டுக்கொண்டு வரச் சொல்லியிருந்தார்கள். தெய்வமணி அதில் வறுத்த கச்சான் கடலை கொண்டுவந்திருந்தாள்.

குவெண்டலின் ஒன்றையும் மறைக்கவில்லை. தன் கையால் பேனை கொடுத்ததையும் சொன்னாள். “என்னில பிழை தெய்வமணி. நான் பாக்காம விட்டிட்டன்.”

தெய்வமணிக்கு விளங்கச் சிறிது நேரம் எடுத்தது. விளங்கியதும் தொப்பியிலிருந்த கச்சான் முழுவதும் நிலத்தில் கொட்டியது.

“அடக் கறுமமே! பின்ன அந்த மனிசனிட்டப் போறன் எண்டா சொல்லுற? நல்ல வாய்க்கு அப்படிச் சொல்லுவாங்களா ரீச்சர்? மூணு தரம் இந்தக் கரைய விட்டு ஓடினம். ஷெல் விழக்குள்ள ரெண்டு தரம் ஓடினம், சுனாமியில கடல் வரக்குள்ளயும் ஓடினம். ஒவ்வொரு தரமும் இந்தத் தண்ணியத் தொட்டு, வாறம் எண்டு சொல்லிப்போட்டுத்தான் போன. சொன்னமாதிரி வந்தம். அந்தச் சொல்ல வெச்சா எங்களக் கிளப்பப் பாக்கானுகள்?”

பின்னாலிருந்த பெண் ஒருத்தி நீலத் தொப்பியைக் கழற்றி வேலிக் கம்பியில் குத்தினாள். ஒவ்வொருத்தியாகக் குத்தினார்கள். தெய்வமணியின் புருசன் இராசதுரை ஒன்றும் பேசாமல் கரையோரமாகப் பாலத்தடிப் பக்கம் நடந்தான். அவன் எங்கே போகிறான் என்று அப்போது ஒருவரும் கேட்கவில்லை.

குவெண்டலினும் பெண்களும் முன்வரிசையில் போய் உட்கார்ந்தார்கள். விழா பிந்தாமல் தொடங்கியது. கேணல் பேசினார். ஏழு நாட்டு அதிகாரிகளும் கை தட்டினார்கள். ‘மக்களின் நம்பிக்கையே சமாதானப் பணியின் அடித்தளம்’ என்று கூடாரத்தின் பின்னால் மூன்று மொழியிலும் எழுதியிருந்தது. தமிழில் ஒரு எழுத்துக் குறைவு. தூதரகத்து அம்மா நரைத்த தலையோடு, அமைதியான ஆள். மேசையில் அறிக்கையைத் திறந்து வைத்து, பேனையை எடுத்தாள்.

“மன்னிக்க வேண்டும்” என்று ஆங்கிலத்தில் சொல்லிக்கொண்டு குவெண்டலின் எழும்பினாள். “அந்த அறிக்கையின் மொழிபெயர்ப்புக்கு முத்திரை குத்தக் கேட்கப்பட்டவள் நான். என் முத்திரை அதில் இல்லை, இந்தத் தாளில்தான் இருக்கிறது.”

கேணல் புருவத்தைத் தூக்கினார். யாரோ ஒரு அதிகாரி எழும்பி வருமுன் அவள் மேசையை அடைந்து, தாளை வைத்துவிட்டாள். தாளில், முதல் நாள் திகதியோடு, ஆங்கிலத்தில் இவ்வளவுதான் இருந்தது:

“மூன்றாம் பக்கம், பதினோராம் வரி. மூலத்தில் உள்ள ‘வாறன்’ என்பது விடைபெறும் சொல். நான் போகிறேன் என்பதே அதன் பொருள். கேட்ட கேள்விக்குச் சம்மதம் என்று பொருள் இல்லை. உதாரணம்: இந்த அறிக்கையைத் தயாரித்த திரு. இயன் இன்று மாலை நான்கு நாற்பதுக்கு என் வீட்டுப் படலையில் ‘சரி அக்கா, நான் வாறன்’ என்று சொன்னார். சொல்லிவிட்டு வாகனத்தில் ஏறிப் போனார். அவர் வரவில்லை. இணைக்கப்பட்ட கையெழுத்துகள் மதிய உணவுக்காக என் முன்னிலையில் பெறப்பட்டவை. இது உண்மை என்று சத்தியம் செய்கிறேன்.”

அதன் கீழே வட்ட முத்திரை, நீல மையில், ஒரு புள்ளி கலையாமல்.

தூதரகத்து அம்மா ஒருமுறை வாசித்தாள். இன்னொரு முறை வாசித்தாள். பிறகு தலையைத் திருப்பினாள்.

“மிஸ்டர் இயன், நேற்று நீங்கள் இதைச் சொன்னீர்களா?”

இயன் மேடையின் ஓரத்தில் நின்றான். “அது ஒரு பேச்சு வழக்கு” என்றான்.

“பொருள் என்ன?”

கேணல் அவனையே பார்த்துக்கொண்டிருந்தார். அவன் கேணலைப் பார்த்தான், அறிக்கையைப் பார்த்தான். கடைசியாக, மேசையருகே நின்ற குவெண்டலினைப் பார்த்தான். அவள் கண்ணை எடுக்கவில்லை. பொய் சொன்னால் சொல்லட்டும், என் முகத்தைப் பார்த்துச் சொல்லட்டும் என்று நின்றாள்.

“போய் வருகிறேன் என்பது” என்றான் இயன். “விடைபெறுவது.”

“எப்போதுமா?”

“கேள்விக்குப் பதிலாக எழும்பி நின்று சொன்னால், எப்போதும்.”

தூதரகத்து அம்மா பேனையை மூடினாள். அந்தச் சத்தம் சின்னதுதான். ஆனால் கூடாரத்தில் அதைக் கேட்காதவர் இல்லை. கேணல் குனிந்து அவசரமாக எதையோ சொல்லப் போக, அவள் கையை உயர்த்தினாள். குவெண்டலினிடம், “நான் இப்போது அதைச் சொன்ன அம்மாவிடமே கேட்கலாமா? நீங்கள் மொழிபெயர்ப்பீர்களா?” என்றாள்.

குவெண்டலின் தெய்வமணியைக் கூப்பிட்டாள். புது இறங்குதுறைக்குப் போகச் சம்மதமா என்று தமிழில் கேட்டாள்.

தெய்வமணி சேலைத் தலைப்பை இழுத்துச் செருகினாள். கேணலைப் பார்க்கவில்லை, கூடாரத்தைப் பார்க்கவில்லை. “இல்ல” என்றாள். “போக மாட்டம். இத இங்கிலீசில சொல்லுறதுக்கு ஆள் வேணுமா ரீச்சர்?”

“நோ” என்று மொழிபெயர்த்தாள் குவெண்டலின்.

இவ்வளவுக்கும் வேலி அப்படியே நின்றது. அறிக்கை கோப்புக்குள் போகும், வேறு ஒரு கூட்டம் வரும், வேறு ஒருவர் வேறு ஒரு சொல்லைத் தேடுவார். இது குவெண்டலினுக்குத் தெரியாமல் இல்லை. ஆனால் தெய்வமணிக்கு அதற்கெல்லாம் பொறுமை இருக்கவில்லை.

“சரி, அப்ப நாங்க வாறம்” என்றாள் தெய்வமணி.

பெண்கள் எல்லாரும் எழும்பினார்கள். அந்த இளம் கப்டன் குறிப்புப் புத்தகத்தோடு குவெண்டலின் பக்கம் ஓடி வந்தான். முகம் வியர்த்திருந்தது. “மிஸ், இப்ப இவங்க வாறாங்களா, போறாங்களா?”

“நல்ல கேள்வி” என்றாள் குவெண்டலின். “பாத்து எழுதும்.”

அவர்கள் வீதிப் பக்கம் போகவில்லை. கூடாரத்தின் பின்பக்கத்தால், காவல் நின்ற சிப்பாயைத் தாண்டி, மேட்டிலிருந்து நேரே துறைக்கு இறங்கினார்கள். இரண்டு வருடமாக ஒரு தோணியும் தொடாத தண்ணீரில் இராசதுரை தோணியைக் கொண்டுவந்து விட்டிருந்தான். பாலத்தடியிலிருந்து தனியாகக் கம்பூன்றித் தாங்கி வந்த ஆள், நனைந்த சாரத்தோடு தோணியின் முன்பக்க அணியத்தைப் பிடித்துக்கொண்டு நின்றான். சிப்பாய் கேணலைப் பார்த்தான். கேணல் தூதரகத்து அம்மாவைப் பார்த்தார். அவளும் ஏழு நாட்டு அதிகாரிகளும் பெண்களைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். ஒருவரும் தடுக்கவில்லை.

தெய்வமணி முழங்கால் அளவு தண்ணீரில் நின்று திரும்பினாள்.

“ரீச்சர், வாறீங்களா?”

குவெண்டலின் செருப்பைக் கழற்றிக் கையில் எடுத்தாள். முத்திரைப் பெட்டி இருந்த பையைத் தோளில் இறுக்கினாள்.

“வாறன்” என்று சொல்லிக்கொண்டு தண்ணீருக்குள் இறங்கினாள்.